மழை கேட்டு வந்தவர்

சாயப்பட்டறை சென்னியப்பன் அன்றைக்கு மடத்துக்கு வந்தபோது நல்ல வெயில். ஐப்பசி பிறந்தும் வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. செருப்பைக் கழற்றும்போது ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

மடத்தை நடத்துகிற வேலாத்தாள் அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரிடம்தான் சென்னியப்பன் உபதேசம் வாங்கியிருந்தார். அமாவாசை தவறாமல் வருவார். புது மிஷின் வாங்கினால் அதில் முதலில் சாயமேற்றிய காவித் துணியை மடத்தில் வைத்துக் கும்பிடுவது பட்டறைக்காரர்களின் வழக்கம். அப்படி வந்த காவி ஒரு பீரோ நிறைய இருந்தது. அத்தனையும் கட்டித் தீர்க்க அம்மாவுக்கு இன்னும் ரெண்டு பிறவி வேண்டும்.

இந்த முறை சென்னியப்பன் கையில் துணி இல்லை. ஆள் நாலு நாள் தூங்காதவர் போலிருந்தார். அம்மாவும் களைத்துத்தான் இருந்தார். அபிஷேகத்துக்குத் தண்ணீர் வண்டி வராததால் காலையிலிருந்து சாமி காய்ந்துகொண்டிருந்தது.

ஒருவழியாக வண்டி வந்தது. சென்னியப்பனே போய் ஒரு கேனைத் தூக்கிவந்து செப்புக் குடத்தில் சரித்தார். மடத்தின் பின்வாசலை ஒட்டித்தான் ஆறு. அது கத்தரிப்பூ நிறத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரைச் சாமிக்குக் கேன் தண்ணீர் என்பதை இப்போது யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கதை சொல்கிற எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஊற்றிக்கொண்டே அவர் கேட்டுவிட்டார்.

"அம்மா, நான் வாங்குன ஒவ்வொரு மிஷினும் முந்துன மிஷினவிட நல்ல மிஷினுங்க. அப்புறம் ஏனுங்க ஆறு வருசா வருசம் கெட்டுட்டே போகுது?"

அம்மா திரியைத் திரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"இப்ப இருக்கறது எவ்வளவு தண்ணி குடிக்குது?"

"பழசு குடிச்சதுல பாதி போதுங்க."

"மிச்சப் பாதிய என்ன பண்ணுனீங்கண்ணா?"

சென்னியப்பன் குடத்தையே பார்த்தார்.

"பக்கத்துல இன்னொரு மிஷின் போட்டேனுங்க." கேனை இன்னும் கொஞ்சம் சரித்து, "அப்புறம் இன்னும் ரெண்டு," என்றார்.

மற்றதை அவர் தானாகவே சொன்னார். தொழில் ஓடுகிற வேகத்தைப் பார்த்து பாங்க் மேனேஜர் வீடு தேடி வந்திருக்கிறார். சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்கிற மிஷினுக்குக் குறைந்த வட்டியில் தனிக் கடன் இருக்கிறது, வாங்குங்கள் என்றாராம். ஆறு பிழைக்கட்டும் என்றுதான் சென்னியப்பன் வாங்கினார், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டுமே. இன்னும் துணி ஓடினால்தான் கட்டுப்படியாகும் என்றார் ஆடிட்டர். துணி ஓடியது. அத்தனை சாயத்துக்கும் சுத்தம் செய்கிற மிஷினால் ஈடுகொடுக்க முடியவில்லை. மிஞ்சியதைப் பட்டறைக்குப் பின்னால் தொட்டி கட்டித் தேக்கினார்.

இப்போது தொட்டி விளிம்பு தட்டி நிற்கிறது. இந்த வாரத்துக்குள் காலியாகாவிட்டால் பட்டறையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் தவணை தவறும். அடமானத்தில் இருப்பது அவர் அப்பா கட்டிய வீடு.

அம்மா கேட்டார். "தொட்டி நெறஞ்சா எப்பவும் என்ன செய்வீங்க?"

"மழ வர்ற வரைக்கும் பாப்பமுங்க."

"வந்தா?"

"தொறந்து விட்ருவமுங்க."

அவர் மட்டுமில்லை, கரை நெடுக எல்லாப் பட்டறைக்காரர்களும் செய்வது அதுதான். மழை பிடித்து ஆற்றில் வெள்ளம் வந்ததும் தொட்டி மதகைத் தூக்கிவிடுவார்கள். யார் வீட்டுச் சாயம் எது என்று வெள்ளத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவ்வளவு தண்ணீரில் எல்லாம் கரைந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போய்ப் படுப்பார்கள். பாவம், தேற்றிக்கொள்ளாவிட்டால் தூக்கம் எப்படி வரும்.

சென்னியப்பன் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். ஆறு ஏன் கெடுகிறது என்று கேட்டதை அவர் மறந்தே போய்விட்டார்.

"இந்த வருசம் மழையவே காணோமுங்க. நீங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை வேண்டிக்கணும். எனக்காக வேண்டாமுங்க. மழைன்னா ஊருக்கே நல்லதுதானுங்களே."

அம்மா குடத்தை எடுத்துச் சாமியின் தலையில் மெதுவாக ஊற்றினார். காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தார்.

"காலைல ஆத்துக்குக் கீழ வெள்ளாமை பண்றவங்க வந்திருந்தாங்கண்ணா. அவங்களும் வேண்டிக்கச் சொல்லித்தான் வந்தாங்க."

சென்னியப்பன் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. "மழைக்குத்தானுங்களே?"

"நட்ட பயிரு காயுதாம். காஞ்சாலும் பரவால்ல, மழ மட்டும் வந்துரக் கூடாதுன்னு வேண்டிக்கச் சொன்னாங்க."