குப்பையில் இல்லாத இலை

“சாமி, ஊரிலை உள்ள குப்பை எல்லாம் கிளறிப் பாத்திட்டன். ஒரு வாழையிலை கிடைக்கேல்லை” என்று முறையிட்டார் விநாசித்தம்பியார்.

தாழங்காட்டுச் சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். கிழிந்த பாய் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஆண்ட காலம் அது. அவர்களுடைய வேதக் கோயிலுக்குப் போகாதவனுக்குக் கலியாணமும் இல்லை, காணியும் இல்லை. ஆகவே ஞாயிறன்று ஊரே அங்கே போய் அடக்கமாக உட்காரும். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு கந்தனுக்கு விரதம் பிடிக்கும்.

மற்ற நாளில் ஓலைத் தட்டில் சாப்பிடுகிறவர்கள் விரதம் முடித்துச் சாப்பிட மட்டும் வாழையிலை போடுவார்கள். குப்பையில் இலை கிடந்தால் அந்த வீட்டுக்காரனுக்குப் பன்னிரண்டு கசையடி.

இலையைத் தேடுவதுதான் விநாசித்தம்பியாரின் உத்தியோகம். ஒல்லாந்தரின் கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானப் பெயர் யொவான். யொவான் காட்டிக் கொடுப்பார். விநாசித்தம்பியார் தாழங்காட்டுக்கு வந்து விபூதி பூசிக்கொள்வார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

இதுவரை பதினொரு பேருக்கு அடி வாங்கிக் கொடுத்திருந்தார். கடைசியாக அடிபட்ட குயவன் ஆறுமுகத்துக்கு இன்னும் முதுகு நிமிரவில்லை. அதன்பிறகு ஊர்க் குப்பைகளில் இலையே விழவில்லை.

“நாளைக்குக் காலமை ஒரு பேர் குடுக்கவேணுமாம். இல்லாட்டி அந்தப் பன்னிரண்டும் எனக்காம். ஆரின்ரை பேரைச் சாமி குடுக்கிறது?”

“எப்பிடித் தேடினீர்?”

“குனிஞ்சுதான்.”

“எல்லா வீடும் பாத்தீரோ?”

“ஒண்டும் மிச்சமில்லை.”

“உம்மடை வீடு?”

“என்ரை வீட்டிலை என்னத்தைத் தேடுறது, சாமி!”

சாமி பாயை விரித்தார். அதில் மல்லாந்து படுத்து ஆகாயத்தைப் பார்த்தார்.

விநாசித்தம்பியாருக்குக் கோபம் வந்தது. உயிர் போகிற நேரத்தில் ஆள் காற்று வாங்குகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். வீட்டுக்கு வந்தபோது கால் ஓய்ந்துவிட்டது. சமையல் நடக்கும் குசினியின் சாணித் தரை குளிர்ச்சியாக இருந்தது. அப்படியே மல்லாந்து விழுந்தார்.

கூரையைப் பார்த்தார்.

வரிச்சுக்கும் ஓலைக்கும் நடுவே வாழையிலைகள் செருகியிருந்தன. சருகாகிப் போனவை, கறுத்தவை, இப்போதுதான் மஞ்சளித்தவை. மூலைக்கு மூலை இலை.

வாசலில் மனைவி கதிராசி. கையில் அப்போதுதான் வெட்டிய இலை. முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். இலை பெரிது, மறையவில்லை.

“முதல் இலை எப்ப வைச்சனீ?”

“முதல் ஆளுக்கு அடி விழுந்த கிழமை.”

“அவனுக்காகவோ?”

“அடி வாங்கின ஒவ்வொருத்தருக்கும் ஒரு விரதம். பதினொண்டு.”

“இஞ்சை அதுக்கு மேலை கிடக்குதே?”

“மிச்சமெல்லாம் உங்களுக்காக.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. தனக்காக ஒருத்தி இத்தனை வெள்ளி பட்டினி கிடந்திருக்கிறாள் என்பதில், சொன்னால் யார் நம்புவார்கள், பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. காலையிலிருந்து கூடவே வந்த பயத்தைத் தேடிப் பார்த்தார். அதைக் காணவில்லை.

எழுந்து கை கால் கழுவிவிட்டு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“அந்த இலையை ரெண்டாக் கிழி.”

கதிராசி கிழித்தாள்.

“நாளைக்குக் கோட்டையிலை என்ன சொல்லப் போறியள்?”

“பேர் கிடைச்சிட்டுது.”

“ஐயோ, ஆரின்ரை பேர்?”

“விநாசித்தம்பி எண்டு ஒருத்தன். சோத்தைப் போடு, பசிக்குது.”