செம்புக் கூரைக் கோழிக்கூடு

வெகு காலத்துக்கு முன்னே வேங்கைநாட்டை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நினைத்தது உடனே நடக்கணும் அவருக்கு. ஒரு நாள், "நம்ம கொல்லையிலே நாமே கோழி வளர்க்கணும், அது போடுற முட்டையைச் சாப்பிடணும்" என்று கிளம்பிவிட்டார்.

மந்திரி நல்லதம்பியார், கோழி வளர்ப்பில் கைதேர்ந்த சடைச்சியை அழைத்து வந்தார். மந்திரிக்கு நல்ல பேர் கிடைத்துவிடுமே என்று அரண்மனை அதிகாரி உலகளந்தாருக்கு வயிறு எரிந்தது.

"ராஜா வீட்டுக் கோழி மூங்கில் கூட்டிலா இருப்பது?" என்று முந்திக்கொண்டு, ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்குச் செம்புக் கூரைக் கூடு ஒன்று கட்டினார். பளபளவென்று இருந்தது. சுவரில் ஒரு ஓட்டைகூட இல்லை. சண்டைக்குப் பேர்போன பெருவிடை இனமாகப் பார்த்துப் பத்துச் சேவலும் பத்துப் பெட்டையும் வாங்கி அடைத்தார்.

"ஐயா, காத்து வராதுங்க. இத்தனை சேவல் ஒண்ணா இருந்தா கொத்திக்கிட்டே சாகும்" என்றாள் சடைச்சி. யார் கேட்டார்கள்?

சித்திரை வெயில் ஏறியது. எட்டு நாளில் ஐந்து கோழி செத்தது. அதில் ஒன்று, ராஜா தன் கையாலே தீனி வைத்த செவலைப் பெட்டை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் இவள் கவனக்குறைவு, மகாராஜா!" என்றார் உலகளந்தார்.

"அப்படியானால் இவள் ஊரை விட்டே போகட்டும்!" என்றார் ராஜா. செத்த கோழியைக் கையில் ஏந்தியபடி நின்றாள் சடைச்சி.

மந்திரி மெல்ல எழுந்தார். "மகாராஜா, இவ்வளவு அருமையான வீட்டைக் கோழிக்குக் கொடுத்து வீணாக்கலாமா? கட்டினவருக்கே பரிசாகக் கொடுப்போம். இன்று மதியம் அவர் அதிலேயே இலை போட்டுச் சாப்பிடட்டும்."

"பேஷ்! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

கோழிகளை மாமர நிழலுக்கு விரட்டிக் கூட்டைக் கழுவினார்கள். பரிசு என்றபின் உலகளந்தார் எப்படி மறுப்பார்? உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது கவளம்கூட இறங்கியிருக்காது, கதவு தடதடத்தது.

"திறங்க! மூச்சு முட்டுது! வேகுது!"

தலைப்பாகை அவிழ, வேர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்து விழுந்தார்.

"பாவம், கோழிகளுக்குக் கதவைத் தட்டத் தெரியவில்லை, மகாராஜா" என்றார் மந்திரி.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. நேரே சடைச்சியிடம் வந்தார். "தப்பு உன்மேல் இல்லை அம்மா. பளபளப்பைப் பார்த்துத் தலையாட்டினவன் நான். இனி எப்படி வளர்ப்பது, சொல்லு."

"முதல் தடவை வளக்கிறவங்களுக்குச் சிறுவிடைங்கற சின்னச் சாதிக் கோழிதாங்க தோது. சாது. தானே அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். ஆறு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கூடு மூங்கில்லே, கால் நட்டுத் தரைக்கு மேலே இருக்கணும்."

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. உலகளந்தாருக்கு, சடைச்சி சொல்கிறபடி மூங்கில் பிளந்து கூடு கட்டுகிற வேலை.

முதல் நாளே விரலைக் கிழித்துக்கொண்டார். சடைச்சிதான் மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். "பாத்துங்கய்யா, சிராய் ஏறிடும்."

உலகளந்தார் மறுபடி மூங்கிலைக் கையில் எடுத்தார். பிறகு, "தாயி, அடுத்த கம்பை எவ்வளவு இடைவெளி விட்டுக் கட்டணும்?" என்று கேட்டார்.

"காத்து வரணும், கீரி வரக்கூடாது. அவ்வளவுதாங்கய்யா."