சோப்பு உறையின் சந்தன நிறம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஜெஸிந்தா படம் வரைந்துகொண்டிருந்தார். சோப்பு உறை, ஊதுபத்தி டப்பா, காலண்டர்ப் பெண்கள், எல்லாமே குழாயில் வரும், தண்ணீரில் கரைக்கும் குவாஷ் வண்ணத்தில். அவரிடம் தொழில் கற்க வந்தபோது பால்சாமிக்கு நாற்பத்து நாலு வயது. டீச்சருக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அதற்கு முன் அவன் சுவர் விளம்பரம் எழுதியவன். எனாமல் பெயின்ட் தவிர வேறு தெரியாது.

அவனுடைய பழைய மேஸ்திரி ஏழு வருஷம் கலவையைக் கண்ணில் காட்டாமலே வேலை வாங்கியவர். அதிலிருந்து, வண்ணம் கலக்குகிற யாரையும் பால்சாமி நம்புவதில்லை.

ஜெஸிந்தாவும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கலந்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் தீற்றியதும், "அண்ணாச்சி, டீ சொல்லிட்டு வாங்க" என்பார். அவன் திரும்பி வரும்போது நிறம் மாதிரியோடு அப்படியே பொருந்தியிருக்கும்.

எதற்காகத் தன்னைக் கீழே அனுப்புகிறார்?

அவர் இல்லாத நேரத்தில் குழாய்களை எண்ணிப் பார்த்தான். பிரஷ் கழுவிய தண்ணீரை முகர்ந்தான். ஒரு நாள் விரலால் தொட்டு நாக்கிலும் வைத்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

சந்தன சோப்பு உறை ஒன்று அவன் பொறுப்புக்கு வந்தது. கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். "இது சந்தனமா, சேறா?"

முதலாளி சொல்லிவிட்டார்: "மூணாவதும் திரும்பி வந்தா, நீங்க கட்டிங் மிஷினுக்குப் போயிருங்க."

பால்சாமி நேரே மாடி ஏறினான்.

"டீச்சர், சந்தனத்துக்கு என்ன சேக்குறீங்க?"

"வெள்ளை, மஞ்சள், துளி காவி."

"அதத்தான் நானும் சேக்குறேன். மிச்சத்தைச் சொல்லுங்க."

ஜெஸிந்தா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவன் கண்ணெதிரே கலந்து, காகிதத்தில் ஒரு பட்டை தீற்றினார். சோப்பு மாதிரியைவிட அது நன்றாக வெளுத்திருந்தது.

வேண்டுமென்றே கெடுக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

"வெளுத்துப் போச்சே, டீச்சர்."

"ஆமா. டீ சொல்லிட்டு வாங்க."

"போக மாட்டேன்."

"சரி, நில்லுங்க."

நின்றான். ஜெஸிந்தா ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளை விட்டு அவன் கண் நகரவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்பப் பாருங்க."

குனிந்து பார்த்தான். காய்ந்த பட்டைக்கும் மாதிரிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"எப்ப மாத்துனீங்க?"

"நீங்கதான காவல் நின்னீங்க."

"எனாமல் இப்படிப் பண்ணாது."

"இது பண்ணும். வெளிர் நிறம் காய்ஞ்சா கொஞ்சம் இருண்டு போகும்."

அன்றைக்கே பால்சாமி வெளிறக் கலந்து, தீற்றி, காயும்வரை காத்திருந்தான். அந்த உறை திரும்பி வரவில்லை.

ஆனாலும் அவனுக்கு மனசு ஆறவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"விஷயம் இவ்வளவுதான்னா, இத்தனை மாசமா எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஏன் கலந்தீங்க?"

ஜெஸிந்தா திரும்பாமலே சொன்னார்:

"ஜன்னல் இந்தப் பக்கம்தான இருக்கு, அண்ணாச்சி."