பின்வாசலை நிரப்பிய எலி

ஒரு காடு முடிந்து நெல்வயல் தொடங்கும் இடத்தில், குழந்தைகளே, அகலமான வரப்பு ஒன்று இருந்தது. அந்த வரப்புக்குள் ஒரு வயலெலி வளை தோண்டிக் குடியிருந்தது. சுறுசுறுப்பில் அதை யாரும் குறை சொல்ல முடியாது. போதும் என்ற சொல் மட்டும் அதன் வாயில் வராது.

அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடந்த கதிர்களை எல்லாம் அது பொறுக்கிக்கொண்டு வந்தது. கோடை வந்தால் ஒரு மணி நெல்லும் கிடைக்காது என்பது அதற்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் விவசாயி வீட்டுப் பரணில் ஒண்டிக்கொண்டிருந்தபோது, மனிதர்கள் நெல்லைச் சேர்த்து வைக்கும் இடங்களின் பெயர்களையும் அது கேட்டு வைத்திருந்தது. ஆகவே தன் அறைகளுக்கும் அதே பெயர்களைச் சூட்டியது. அன்றாடம் தின்பதற்கான சின்ன அறைக்குப் பானை என்று பெயர். அடுத்தது குதிர். அதற்கும் உள்ளே இருந்தது பத்தாயம். எல்லாவற்றிலும் பெரியது களஞ்சியம்.

நான்கும் கூரை முட்ட நிறைந்தன. வயலிலோ இன்னும் கதிர் கிடந்தது. எலிக்கு மனம் கேட்கவில்லை.

வளையில் மிச்சம் இருந்தது பின்வாசல் ஒன்றுதான். வரப்பின் மறுபக்கம், கோரைப்புல் தூருக்குள் திறக்கும் குறுகலான வழி அது. முன்வாசலில் பாம்பு நுழைந்தால் ஓடித் தப்புவதற்கென்று வயலெலிகள் அப்படி ஒன்று தோண்டி வைக்கும்.

"இங்கே குடிவந்த நாளிலிருந்து ஒரு பாம்பையும் பார்த்ததில்லை. இவ்வளவு நல்ல இடம் சும்மா கிடக்கிறதே" என்று எலி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அந்த வழி முழுவதும் கதிர்களைத் திணித்து அடைத்தது. அதற்குக் கிடங்கு என்று பெயரும் வைத்தது. அன்று வயிறாரத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் கோரைப்புல்லில் வந்து அமர்ந்த ஒரு சில்லைக் குருவி, தூருக்குள் கதிர்நுனிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டது. இழுத்தால் வந்தது. இன்னும் இழுத்தால் இன்னும் வந்தது. சில்லைக்குப் பசி அதிகம். ஆனால் தனியாகத் தின்ன அதற்குத் தெரியாது. தன் கூட்டத்தையே கூவி அழைத்துவிட்டது.

மாலையில் எலி வந்து பார்த்தால், கிடங்கில் பாதியைக் காணோம். அதற்கு வயிறு எரிந்தது. திட்டிக்கொண்டே மறுபடி அடைத்தது. அடுத்த நாளும் அதே கதை. எலி வெளியே வந்து சில்லையிடம் சண்டைக்கு நின்றது.

"நான் நாள் முழுக்க அலைந்து கிடங்கில் சேர்த்ததைத் தின்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?"

"இது உங்கள் கிடங்கா அண்ணே? புல்லுக்குள் நெல் விளைந்திருக்கிறது என்றல்லவா நினைத்தோம்" என்றது சில்லை.

எலிக்குக் கோபம் இன்னும் ஏறியது. காலையில் சேறு பூசி அடைத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டு, கிடங்கை மீண்டும் நிரப்பியது.

விடிந்ததும் கோரைப்புல் பக்கம் ஒரே கீச்சுக் குரல். இனிமேல் கிடைக்காதே என்று சில்லை அன்று சொந்தபந்தங்களையும் சேர்த்து அழைத்து வந்திருந்தது. எலி பல்லைக் கடித்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடியது. சேற்றை உருட்டித் தள்ளிக்கொண்டு முன்வாசலுக்குத் திரும்பியபோது, பின்னால் சருகு சரசரத்தது. பார்த்தால், சாரைப்பாம்பு.

எலி சேற்றை விட்டுவிட்டு வளைக்குள் பாய்ந்தது. சாரையும் பின்னாலேயே நுழைந்தது. பானைக்குள் ஒளிய இடமில்லை. குதிரில் வாலை வைக்கக்கூட இடமில்லை. பத்தாயமும் களஞ்சியமும் அப்படியே. ஆசை ஆசையாக நிரப்பிய அறைகளில் அதற்கே இடமில்லாமல் போயிற்று. இனிப் பின்வாசல்தான். அதையும் தானே அடைத்து வைத்தது நினைவுக்கு வந்தபோது, எலிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு அதில் தலையைக் கொடுத்தது. நாலைந்து கதிர்கள்தான் தடுத்தன. மற்றதை எல்லாம் சில்லைகள் இழுத்துத் தின்றிருந்தன. எலி முட்டித் தள்ளிக்கொண்டு அவற்றின் நடுவே வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் எழுந்து அடுத்த வரப்பின் வெடிப்புக்குள் ஓடி மறைந்தது. சில்லைகளும் பதறிப் பறந்தன.

எலி எந்தப் பக்கம் போனது என்று தெரியாமல் சாரை எல்லா அறைகளிலும் தேடிப் பார்த்தது. எங்கும் நெல்தான். சாரைக்கு நெல் எதற்கு? வந்த வழியே போய்விட்டது.

மதியம் எலி திரும்பி வந்தது. முதல் வேலையாகப் பின்வாசலில் மிச்சம் இருந்த கதிர்களை இழுத்து வெளியே போட்டது. புல்நுனியில் அமர்ந்திருந்த சில்லை தயங்கித் தயங்கிக் கேட்டது.

"சேறு பூசவில்லையா அண்ணே?"

"இல்லை. இதையும் நீங்களே தின்னுங்கள்."

"கிடங்கைக் காலி செய்துவிட்டால் அதில் எதைச் சேர்த்து வைப்பீர்கள்?"

"என் உயிரை" என்றது எலி.

பிறகு பானையிலிருந்து ஒரு கதிரை எடுத்து வந்து, சில்லைகளோடு உட்கார்ந்து கொறித்தது. அந்தக் கோடை முழுவதும் நான்கு அறை நெல் அதற்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

நீதி: நாளைக்கென்று எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்து வைக்கலாம், ஆனால் இன்று உயிர் தப்பும் வழியை அடைத்துச் சேர்க்கக் கூடாது.