காக்கா அடைகாத்த சவுக்காரம்

அந்தக் காலத்துல, காக்காயும் கோழியும் நம்மள மாதிரியே வாய் ஓயாம பேசிட்டுத் திரிஞ்ச காலத்துல, மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. ஊருக்கே அவதான் சவுக்காரம், இப்ப நாம சோப்புங்கோமே அது, காய்ச்சிக் குடுப்பா. அழுக்குத் துணிக்கு, பிசுக்கு ஏறுன தலைக்கு, அடுக்களைப் பலகைக்கு, ஆட்டுக்கு உண்ணி பத்துனா அதுக்கு, எல்லாத்துக்கும் அந்த ஒரே உருண்டைதான். ஒரு பெரிய மனுசன் அதைக் கருப்பட்டின்னு நெனைச்சுக் கடிச்சிட்டு, மூணு நாளு நுரையாவே பேசிட்டுத் திரிஞ்சாரு. அவரு பொண்டாட்டி மட்டும் அந்த மூணு நாளும் நிம்மதியா இருந்தேன்னு சொல்லுவா. அது கெடக்கட்டும், அந்தக் கதைக்குள்ள போனா இது முடியாது.

மாடத்தி வாசல்ல ஒரு வேப்பமரம். அதுல ஒரு காக்கா குடியிருந்துச்சு. இவளும் அதும் "மதினி, மதினி"ன்னுதான் கூப்பிட்டுக்கிடுவாக. அந்த வருசம் காக்காவுக்குத் தங்குனது ஒத்த முட்டை. மத்ததெல்லாம் ஆடிக் காத்துல விழுந்து ஒடைஞ்சு போச்சு.

ஒருநா அசலூர்ல யாரோ பெரியவருக்குப் பதினாறாம் நாள் விசேசம். காக்கா வராம எலை போடுவாகளா? கெளம்பிட்டு.

"மதினி, பொழுதடைய வந்துருவேன். என் முட்டைய ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க. வெயிலு நல்லா அடிக்கு, சூட்டுக்குக் கொறையில்ல."

"நீங்க வயிறாரத் தின்னுட்டு வாங்க மதினி. முட்டை எங்க ஓடிறப் போகுது?"

அன்னைக்குன்னு பாத்து மாடத்தியோட கைப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் செரங்கு பொரிஞ்சுட்டு. தொட்டா அழுவுது, தொடாட்டியும் அழுவுது. சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டுனா கேக்கும். வீட்டுல ஒரு உருண்டை இல்ல, எல்லாத்தையும் ஊர்க்காரவுக வாங்கிட்டுப் போயிட்டாக.

சட்டியில ஓட்டை போட்டு, வைக்கோலத் திணிச்சு, சாம்பலக் கொட்டித் தண்ணி ஊத்துனா. கீழ வச்ச இன்னொரு சட்டியில காரத்தண்ணி சொட்டுச் சொட்டா எறங்குச்சு. எண்ணெயச் சேக்குததுக்கு முன்னால அதுல ஒரு முட்டையப் போட்டுப் பாக்கணும். முட்டை முங்குனா காரம் பத்தாது. முழுசா மேல வந்து கெடந்தா, பிள்ளை தோலைப் பொசுக்கிரும். நெத்திப் பொட்டு அளவுக்கு மட்டும் முட்டை வெளிய தெரியணும், அதுதான் பதம்.

முட்டைக்குக் கோழிகிட்ட போனா.

"பதினோரு முட்டையும் அடையில கெடக்கு. தொட்டுப் பாரு, கண்ணைக் கொத்துதேன்"னு சீறுச்சு கோழி. அந்தக் கோழி எப்பவுமே அப்படித்தான், ஒருக்கா மாமியாக்காரி கண்டாங்கிச் சேலையையே கிழிச்சுப் போட்டது.

உள்ள பிள்ளை அழுவுது. மாடத்தி அண்ணாந்து வேப்பமரத்தப் பாத்தா. 'போட்டுப் பாத்துட்டு, கழுவித் தொடைச்சு வச்சிருவோம். மதினி வர்றதுக்குள்ள ஆயிரும்'னு ஏணிய வச்சு ஏறி, முட்டைய மடியில கட்டி எறக்கிட்டா.

காரத்தண்ணியில விட்டா. பொட்டு அளவுக்கு மொதந்துச்சு. என்ன பதம்! சந்தோசமா எடுத்தா. காரத்தண்ணி பட்ட வெரலு வழுக்கும்னு அவளுக்குத் தெரியாதா? தெரியும். பிள்ளை அழுகையில மறந்துட்டா. முட்டை நழுவி, சட்டி விளிம்புல பட்டு, ஒடைஞ்சு, தண்ணிக்குள்ள போயிட்டு.

மாடத்தி அகப்பையால முட்டை ஓடுகள அள்ளி வெளிய போட்டா. பெறகு எண்ணெய ஊத்திக் காய்ச்சுனா. உருண்டையா பிடிக்கப் போன கை, அதுவா முட்டையா பிடிச்சுட்டு. அதுல ஒண்ணை எடுத்துக் கூட்டுல வச்சா. 'நாளைக்குச் சொல்லிருவோம்.'

பொழுதடைய காக்கா வந்து உக்காந்துச்சு.

"மதினி! முட்டை என்ன கனம் கனக்கு! உள்ள பய நல்லா கொழுத்துட்டான்!"

மாடத்தி "ஆமா மதினி"ன்னுட்டு வீட்டுக்குள்ள போயிட்டா.

மறுநாளும் சொல்லல. பிள்ளைக்குச் செரங்கு காய்ஞ்சு, சிரிக்க ஆரம்பிச்சுட்டு. இவளுக்குத்தான் சோறு எறங்கல. காக்கா எரை தேடக்கூட எறங்காம உக்காந்திருக்கு. இவ ஏணியில ஏறி ஊட்டிவிடுதா. "எம் பிள்ளை மொதல்ல ஒங்களத்தான் 'அத்தை'ன்னு கூப்பிடுவான்"ங்குது அது. இவ இன்னொரு கவளத்த உருட்டி அது வாயில வைப்பா.

இருவது நாளு போச்சு. அன்னைக்கு வானம் மூடிக் கெடந்துச்சு. இனியும் தாங்காதுன்னு மாடத்தி மரத்தடியில வந்து நின்னா.

"மதினி, ஒண்ணு சொல்லணும்."

சொல்லுததுக்குள்ள மழை பிடிச்சுட்டு. காக்கா நனைய, கூடு நனைய, அடியில கெடந்தது நுரைக்க ஆரம்பிச்சுட்டு. காத்து ஒண்ணு அடிச்சுது பாரு, கூட்டுலருந்து கொப்புளம் கொப்புளமா கெளம்பி, ஒவ்வொண்ணுலயும் ஒரு வானவில்லோட, மேல பறக்கு.

"மதினீ! பொறந்துட்டானுவ! ஒருத்தன் இல்ல, ஒம்பது, பத்து... எண்ண முடியல! றெக்கையே இல்லாம பறக்கானுவ பாருங்க!"

மாடத்தி அழுதுட்டா. "அது பிள்ளை இல்ல மதினி. நீங்க அடைகாத்தது சவுக்காரம்."

"சவுக்காரமா? ஒங்க வீட்டுல முட்டைக்கு அப்படித்தான் பேரா?"

"ஒங்க முட்டைய நான் ஒடைச்சிட்டேன் மதினி!"

காக்கா தலையச் சாச்சு, ஒத்தக் கண்ணால அவளப் பாத்துச்சு.

"ஒடையாம பிள்ளை எப்படி மதினி வெளிய வரும்? அழாதீங்க. அந்தச் சவுக்காரம் இன்னொண்ணு இருந்தாத் தாங்க, அதையும் அடைகாக்கேன்."

மாடத்தி ஓடிப்போயி, பிள்ளைக்குன்னு வச்சிருந்த கடைசிச் சவுக்கார முட்டைய எடுத்துட்டு வந்து ரெண்டு கையாலயும் நீட்டுனா.

அன்னைக்கிருந்துதான், கெணத்தடியில சோப்பை வச்சிட்டு நாம கண்ண மூடி மூஞ்சியத் தேய்க்கயில, காக்கா அதைக் கொத்திட்டுப் பறக்குது. பொம்பளைக வையத்தான் வைவாக, ஆனா அந்த ஒத்த முட்டைய நெனைச்சுக் கல்லெடுக்க மாட்டாக.