சந்தியாகு சாரின் நூற்று இருபத்தெட்டு

"இது என் நம்பர் இல்லம்மா" என்றார் சந்தியாகு.

மணிமொழி சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்தாள். அவர் பெயருக்கு எதிரே நூற்று இருபத்தெட்டு என்று இருந்தது.

"உங்க பேருதானே சார் போட்டிருக்கு?"

"பேரு என்னோடது. நம்பர் மெஷினோடது."

சந்தியாகு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் மாநில அளவில் சைக்கிள் ஓட்டிக் கோப்பை வாங்கியவர். அந்தக் கோப்பையைப் பற்றிக் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

மணிமொழிக்கு அவர் வயதில் பாதிக்குமேல் கொஞ்சம். திருச்சி தில்லைநகரில் ஒரு மாடி ஹாலில், இடம்விட்டு நகராத சைக்கிள்களை வரிசையாகப் போட்டு வகுப்பு நடத்துகிறாள். காலை வகுப்பை எடுக்க இன்னொருவர் வேண்டும், பழக்கிக் கொள்கிறேன் என்று அவள் அறிவித்ததும் முதலில் வந்து நின்றவர் சந்தியாகுதான்.

அந்த வகுப்பு அவருக்கு வேண்டும். வீட்டில் அவர் பேச்சை டி.வி.கூடக் கேட்பதில்லை. எதிரே நாலு பேர் உட்கார்ந்து அவர் சொல்லுக்குக் காலை அசைத்தால் போதும், மனுஷன் பிழைத்துக்கொள்வார்.

அந்த ஹாலில் ஒரு வழக்கம் உண்டு. யாராக இருந்தாலும் முதலில் டெஸ்ட். இருபது நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். கால் எத்தனை வாட் கொடுத்தது என்று வண்டி சொல்லும். அதில் கொஞ்சம் கழித்தால் வருவது அவரவர் நம்பர்.

அப்புறம் எல்லாமே அந்த நம்பரின் சதவீதத்தில்தான். எழுபது என்று சொன்னால் ஒவ்வொருவரும் தன் நம்பரில் எழுபது சதவீதம் மிதிப்பார்கள். அது பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம். நூறு என்றால் பேச்சு தானாக நின்றுவிடும். வகுப்பு எடுக்கிறவரும் முன்னால் உட்கார்ந்து தன் நம்பருக்குத் தக்கபடிதான் மிதிக்க வேண்டும்.

அந்த வகுப்புக்கு வருகிற மெஹ்ருன்னிசாவின் நம்பர் நூற்று நாற்பத்தொன்று. மூன்று பிள்ளை பெற்றவள், போன வருடம்வரை சைக்கிளைத் தொட்டதே இல்லை. சந்தியாகுவுக்கு எரிச்சல் கிளம்பிய இடம் இதுதான்.

"வண்டி சரியில்ல" என்றார்.

"வேற வண்டில பாருங்க சார்."

இரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஜன்னலோர வண்டியில் டெஸ்ட் எடுத்தார். அதுவும் அதையேதான் சொன்னது. அடுத்த வாரம் மூலையில் இருந்த புது வண்டி. அது ஒரு வாட் குறைத்துச் சொன்னது.

"மூணும் கூட்டு சேர்ந்து பொய் சொல்லுதுங்க" என்றார். அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மணிமொழியும் சிரிக்கவில்லை.

"உங்க நம்பர் எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க?"

"நூத்தி எண்பது. கொறஞ்சது."

அவள் கணினியில் நூற்று இருபத்தெட்டை அழித்தாள். நூற்று எண்பது என்று போட்டாள்.

சண்டைக்குத் தயாராக வந்த மனிதருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றாள். திங்கட்கிழமை வகுப்பை அவரே எடுக்கட்டும் என்றும், தான் ஓரமாக நின்று பார்ப்பதாகவும், சரியாக நடந்தால் அந்த வகுப்பு இனி அவருடையது என்றும் சொன்னாள்.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளை பனியனில் வந்து முன்வண்டியில் ஏறினார். திரையில் அவர் பெயருக்கு எதிரே நூற்று எண்பது ஜம்மென்று நின்றது.

எழுபது என்றார். எல்லோரும் மிதித்தார்கள்.

அவரும் மிதித்தார். அவர் போட்டுக்கொண்ட நூற்று எண்பதில் எழுபது சதவீதம் என்றால் நூற்று இருபத்தாறு, மெஷின் சொன்ன முழு நம்பருக்கு இரண்டே வாட் குறைவு. அது எவ்வளவு என்பது தலைக்கு முன்னால் தொடைக்குத் தெரிந்தது.

"இது... லேசான... வேகம்" என்றார். "பேசிக்கிட்டே... ஓட்..."

ஹால் பேசிக்கொண்டேதான் ஓட்டியது. நகைக்கடை பாண்டுரங்கன், மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காத கதையைப் பக்கத்து வண்டிக்காரரிடம் ஆதியோடு அந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்தியாகு நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சார், கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றாள் மெஹ்ருன்னிசா. அவள் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

நூறு என்று சொல்ல வேண்டிய கட்டம் வந்தது. சொன்னார். அதோடு கால் நின்றுவிட்டது. வாத்தியார் நின்றதும் ஹாலும் ஒவ்வொரு வண்டியாக நின்றது.

மணிமொழி வந்து மீதி வகுப்பை நடத்தி முடித்தாள்.

எல்லோரும் போன பிறகும் சந்தியாகு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீ வேணும்னே செஞ்ச."

"நீங்க கேட்டதத்தான் சார் குடுத்தேன்."

"கேட்டா குடுத்துடறதா? நானா இருந்தா காதத் திருகியிருப்பேன்."

"உங்க காத யார் சார் திருகறது?"

அவமானத்தில் மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார். அவள் வண்டிகளின் வியர்வையை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு போனாள். கடைசி வண்டிக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"எழுபதுன்னா எதிர்ல மிதிக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்கு என் எழுபதுதான் தெரியும்."

துடைக்கிற துணியை உதறிக் காயப்போட்டாள். விளக்குகளை அணைக்க ஆரம்பித்தாள்.

சந்தியாகு எழுந்தார். கணினியிடம் போனார். நூற்று எண்பதை அழித்தார். அந்த இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

அப்புறம் தானே நூற்று இருபத்தெட்டைப் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வியர்வை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

"இன்னொரு திங்கக்கிழமை குடுப்பீங்களா?"

"வாங்க" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை அதே ஆட்கள் வந்திருந்தார்கள். போன வாரக் கூத்தைப் பார்க்காமல் விட்ட இரண்டு பேரும் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள்.

எழுபது என்றார். மிதித்தார்.

"இப்பப் பேசலாம். பேசுங்க. பேச முடியலன்னா எழுபதுல இல்ல, வீம்புல இருக்கீங்கன்னு அர்த்தம்" என்றார். பின்வரிசையில் ஒருவர் யாரும் பார்க்காதபோது வேகத்தைக் குறைத்துக்கொண்டார். சந்தியாகு பார்த்துவிட்டார். ஆனால் பெயரைச் சொல்லவில்லை.

பேசலாம் என்று அவர் சொன்னதும் பாண்டுரங்கன் பேசினார். பாண்டுரங்கனின் கண் திரையில் இருந்தது.

"என்ன சார் இது? போன வாரம் நூத்தி எண்பது. இந்த வாரம் நூத்தி இருபத்தெட்டு. தங்கம்கூட இப்படி எறங்காதே."

ஹால் முழுவதும் சிரித்தது. மெஹ்ருன்னிசா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மணிமொழியின் கை கணினிக்குப் போனது. வகுப்பு எடுக்கிறவர் நம்பரை மட்டும் திரையில் தெரியாமல் செய்ய வழி இருக்கிறது. பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

"மறைச்சிடவா சார்?" என்று மெல்லக் கேட்டாள்.

சந்தியாகு மிதிப்பதை நிறுத்தவில்லை.

"எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க மேடம்" என்றார். "பின்வரிசைக்கு சரியாத் தெரியல போலிருக்கு."