மன்னர் தாயத்துக் கேட்ட கதை

ரொம்ப காலத்துக்கு முன்னால் நாவலங்கோட்டை என்ற நாட்டைச் சேந்தராயன் என்ற ராசா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னது மதியம் ஞாபகம் இருக்காது. கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதுதான் சட்டம்.

ஒரு வருஷம் ஊரில் பெரியம்மை வந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலை. நாலு பேர் படுத்தால் மூன்று பேர்தான் எழுந்தார்கள். குயவர் தெருவில் மட்டும் ஒரு சாவுகூட இல்லை. காரணம், அங்கே இருந்த மருத்துவச்சி சிலம்பாயி. லேசாக அம்மை போட்டவர்களின் உதிர்ந்த பொருக்கை எடுத்து, மாதக்கணக்கில் உலரவைத்து, முள்நுனியில் தொட்டு, மேல்கையில் மூன்று குத்து வைப்பாள். அடுப்புக்கல் மாதிரி முக்கோணமாக. ரெண்டு நாள் காய்ச்சல். அதற்கப்புறம் அம்மை அவர்களைத் தொடவில்லை.

ராசா அவளைக் கூப்பிட்டு அவையில் ஆசனம் கொடுத்தான். அதைப் போட்ட இடம்தான் வினை. அரண்மனை வைத்தியர் வல்லபப் பண்டிதருக்கும் ஒரு வரிசை முன்னால்!

பண்டிதருக்கு வயிறு எரிந்தது. பந்தியில் அவள் இலையில் எத்தனை கரண்டி நெய் விழுகிறது என்று எட்டிப் பார்ப்பார். ராசா அவளைப் பார்த்துத் தலையாட்டினால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. முப்பது வருஷம் ராசாவின் நாடி பிடித்தவர், ஒரு மருத்துவச்சியின் கொண்டையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா?

"முள் குத்தினால் கை அழுகும். பிள்ளை பிறக்காது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். சந்தையே ரெண்டாகப் பிரிந்தது.

"குத்திக்கிட்டா அம்மனுக்குக் கோவம் வரும்."

"அம்மனுக்கு வேற வேலை இல்லையா?"

"என் மச்சினன் கை பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு, தெரியுமா?"

"வீங்கிச்சு, சரி. ஆள் இருக்கானா இல்லையா?"

"முதல்ல நீ குத்திக்க. நீ சாகலைன்னா நான் வரேன்."

சிலம்பாயி எதையும் ஒளிக்கவில்லை. "வீங்கும். காய்ச்சல் வரும். எப்பவாவது ஒருத்தருக்கு மோசமாவும் ஆகலாம். ஆனா அம்மை வந்தா நாலுல ஒண்ணு போயிடும்" என்றாள். உண்மையைச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? பாதிப்பேர் திரும்பிப் போனார்கள்.

அதுவும் பண்டிதருக்குப் போதவில்லை. "மன்னா, என் தாயத்து இருக்க முள் எதற்கு? இதைக் கட்டிக்கொண்டு அம்மைக் கொட்டகையில் ஒரு பகல் முழுக்க உட்காருகிறேன். பதினைந்து நாளில் ஒரு கொப்புளம் வந்தாலும் என் பதவி இவளுக்கு. வராவிட்டால் முள்குத்தை நிறுத்தி இவளை நாடு கடத்துங்கள்."

"ஆகட்டும்" என்றான் ராசா. கடைசியாகப் பேசியது பண்டிதர் அல்லவா?

பண்டிதர் போனார். நோயாளிகளின் நெற்றியைத் தொட்டார், கூழ் ஊட்டினார். பதினைந்து நாளும் ஓடியது. ஒரு கொப்புளம் இல்லை. ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேளம் அடித்தது. முள்குத்துக்கு நின்ற வரிசை அப்படியே கலைந்தது.

சிலம்பாயி யோசித்தாள். மேலே பல்லி விழுந்தாலே பரிகாரம் தேடுகிற மனுஷன். இவருக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு வழியில்தான் வந்திருக்க முடியும்.

பதினாறாம் நாள் அவை கூடியது. நாடு கடத்தும் ஓலையை எழுத எழுத்தர் உட்கார்ந்துவிட்டார்.

"மகாராசா, போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை" என்றாள் சிலம்பாயி. "ஊரெல்லாம் ஒரே பேச்சு. இந்த நாட்டுல ஆம்பளைன்னா பண்டிதர் ஒருத்தர்தானாம். மகாராசா கோட்டைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்காராம்."

ராசாவின் மீசை துடித்தது. "யார் சொன்னது?"

"எல்லாரும்தான். பண்டிதருக்குக் கோயில் கட்டச் செங்கல் அறுக்கிறாங்க."

பொறாமை என்ன, பண்டிதருக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? ராசா எழுந்துவிட்டான். "பண்டிதரே, தாயத்தைக் கழற்றும். நான் இப்போதே கொட்டகைக்குப் போகிறேன்."

பண்டிதர் மேல்கைத் தாயத்தைப் பொத்திக்கொண்டார். "மன்னா, அது என் ராசிக்குச் செய்தது..."

"எனக்கும் அதே ராசி. ஜாதகம் பார்த்துச் சொன்னதே நீர்தான்."

"இன்று நாள் சரியில்லை..."

"நல்ல நாள் என்று இன்று காலையில்தானே ஊர்வலம் போனீர்? கொடும் இப்படி!"

ராசா இறங்கிவந்து கையைப் பிடித்தான். பண்டிதர் தடாலென்று காலில் விழுந்தார். "வேண்டாம் மன்னா! போனால் செத்துப்போவீர்கள்!"



"அப்ப நீங்க எப்படிச் சாமி சாகலை?" என்றாள் சிலம்பாயி.

ராசா தாயத்தைப் பிடித்து இழுத்தான். அதன் அடியில் மூன்று தழும்பு, முக்கோணமாக.

"அட! ஆடி மாசம் முக்காடு போட்டுக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. கையெல்லாம் கரடி மாதிரி மயிர். பாவம், என்ன குறையோன்னு கேக்காம விட்டேன். முள்ளு படுறதுக்கு முன்னாடியே கத்தினது நீங்கதானா?" என்றாள் சிலம்பாயி.

அவை சிரித்தது. தூண் அருகே நின்ற காவலாளிகூடச் சிரித்தான். ராசா சிரிக்கவில்லை. சட்டென்று உட்கார்ந்து கையை நீட்டினான். "எனக்கு முதலில் குத்து. வலிக்குமா?"

"வலிக்கும், மகாராசா."

பண்டிதரின் பதவி அன்றைக்கே சிலம்பாயிக்குப் போனது. பண்டிதருக்குத் தண்டனை என்ன தெரியுமா? தினமும் சந்தையில் அவள் பக்கத்தில் நின்று, தழும்பைக் காட்டி, நடந்ததைத் தன் வாயால் சொல்லவேண்டும்.

முதல் நாள் வரிசையில் வெள்ளச்சி என்ற நெசவுக்காரி வந்தாள். பண்டிதரின் கையையே வெகுநேரம் பார்த்தாள்.

"என் சின்னவளுக்குக் குத்த வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்."

"அன்னிக்கே உங்க கையில இது இருந்துச்சா?"

பண்டிதர் குனிந்தார். "இருந்தது."

அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. மிச்சமிருந்த மூத்தவளைத் தூக்கிச் சிலம்பாயியின் மடியில் உட்காரவைத்தாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் பண்டிதரிடம். "வெளிச்சத்தை மறைக்கிறீங்க."